ஐந்து கோல் விழுந்த பின்னும் அதே பெயர்ப் பட்டியல்



மாவட்ட அளவிலான காற்பந்துப் போட்டி நெருங்கும்போதெல்லாம் எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் ஒரு வினா தவறாமல் எழுகிறது. இவ்வாண்டு குழு அனுப்பத்தான் வேண்டுமா? அசாம் ஜாவா, ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனக் கோலசிலாங்கூர் மாவட்டத் தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களுக்கு இவ்வினா புதியதன்று. சென்ற முறை முதல் சுற்றிலேயே ஐந்து கோல், ஆறு கோல் என வாங்கிக்கொண்டு பையன்கள் தலைகவிழ்ந்து திரும்பியிருப்பார்கள். பேருந்துக்குப் பணம், சட்டைக்குப் பணம், அதற்கும் மேலாக ஒரு நாள் பாடம் போயிற்று. இத்தனையும் தோற்பதற்குத்தானா என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர், அனுப்புவதானால் ஆறாம் ஆண்டுப் பையன்களில் ஆள் வளர்ந்தவர்களாகப் பார்த்து அனுப்புங்கள், நான்காம் ஆண்டுச் சிறுவர்களை எதற்கு அழைத்துப் போகிறீர்கள் என்பார்.

இவ்விரண்டு அறிவுரைகளையும் நான் ஏற்பதில்லை. ஏன் என்று விளக்கப் பள்ளித் திடலை விட்டுச் சற்றுத் தொலைவில் உள்ள புக்கிட் ஜாலில் அரங்கம் வரை வாசகர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. காற்பந்தில் ஆர்வமில்லாத பெற்றோர்கள் பொறுத்தருள்க. சிலாங்கூர் குழுவின் சிவப்பு மஞ்சள் நிறத்தைப் பார்த்தே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தைப் பற்றி என் தந்தையார் சொல்லக் கேட்டுக் கேட்டே இவ்விளையாட்டு எனக்குள் புகுந்தது. எங்கள் பள்ளியில் ஆண் ஆசிரியர்கள் குறைவாக இருந்தமையால் காற்பந்துக் குழுப் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆகவே நான் பேசுவது இரசிகையின் பேச்சா, ஆசிரியையின் பேச்சா என்று பிரித்துப் பார்க்க என்னாலேயே இயலாது.

2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து நடத்தின. சொந்த மண்ணில், சொந்த இரசிகர்கள் முன்னிலையில் மலேசியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. சீனாவிடம் 1-5. உஸ்பெகிஸ்தானிடம் 0-5. ஈரானிடம் 0-2. அடித்தது ஒன்று, விழுந்தது பன்னிரண்டு. அந்நாள்களில் காற்பந்து இரசிகர் எவரும் மறுநாள் காலையில் நாளிதழின் கடைசிப் பக்கத்தைத் திருப்ப விரும்பியிருக்க மாட்டார்.

இத்தகைய தோல்விக்குப் பின் ஒரு குழுவை மீண்டும் கட்டியெழுப்ப இரண்டு வழிகள்தாம் உண்டு. ஒன்று, உடனே வெல்லக்கூடியவர்களை எங்கிருந்தாவது கொண்டுவருவது. மற்றொன்று, கையிலிருக்கும் இளைஞர்களை ஆடவிட்டு அவர்கள் முதிரும்வரை காத்திருப்பது. மலேசியக் காற்பந்துச் சங்கத்தைக் குறைசொல்ல ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. ஆயினும் அவ்வேளையில் அது இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2007இல் ‘ஹரிமாவ் மூடா’ என்னும் இளையோர் குழு தொடங்கப்பெற்றது. பயிற்சி முகாமிலேயே அடைத்து வைக்காமல், அக்குழுவை நாட்டின் லீக் போட்டியிலேயே வளர்ந்த ஆட்டக்காரர்களுக்கு எதிராக இறக்கினார்கள். 2009இல் அப்பையன்கள் பிரிமியர் லீக் கிண்ணத்தையே வென்றார்கள்.

அதே 2009இல் மற்றொரு முடிவும் நடைமுறைக்கு வந்தது. மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவடைக்கப்பட்டது. 2011 பருவம் வரை அத்தடை நீடித்தது. இதனைப் பற்றி அந்நாளில் கடும் விவாதம் நடந்தது. தரம் தாழ்ந்துவிடும், அரங்கம் காலியாகிவிடும் என்றார்கள். நான் தடைகளை விரும்புகிறவள் அல்லள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான குழுக்கள் வெளிநாட்டாரை வாங்குவது கோல் அடிப்பதற்கும் மத்தியத் தற்காப்புக்குமே. அவ்விரண்டு இடங்களும் வெளியாருக்குப் போய்விட்டால் உள்நாட்டுப் பையன் எங்கே நின்று கற்றுக்கொள்வான்? மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்ந்து கோல் அடிக்கக் கற்றவர் எவரும் உலகத்தில் இல்லை. அத்தடைக் காலத்தில், பயிற்றுநர் கே. தேவனின் கீழ், வெளிநாட்டார் ஒருவர்கூட இல்லாமல் சிலாங்கூர் 2009, 2010 ஆகிய ஈராண்டும் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்றது. சபீ சாலியும் சபிக் ரஹிமும் அக்குழுவில் ஆடினார்கள். அதன் பின் சிலாங்கூர் இரசிகர்கள் லீக் கிண்ணத்துக்காகப் பதினைந்து ஆண்டுகளாகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை. அதனை இங்கே தொடங்கினால் முடியாது.

தேசியக் குழுவின் பொறுப்பு 2009இல் கே. ராஜகோபாலிடம் வந்தது. ஆட்டக்காரராக இருந்த காலத்தில் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். அதற்கு முன் ஈராண்டு அப்பொறுப்பில் இருந்தவர் பி. சத்தியநாதன். ராஜகோபால் செய்த தேர்வைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு. 2009 டிசம்பரில் லாவோஸ் நாட்டின் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டிக்கு 23 வயதுக்குட்பட்ட குழுவை அவர் அழைத்துச் சென்றார். இறுதியாட்டத்தில் வியட்நாமை 1-0 என வீழ்த்தி மலேசியா தங்கம் பெற்றது. 1989க்குப் பிறகு, இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த காற்பந்துத் தங்கம் அது.

தங்கம் வென்ற இளையோரைப் பாராட்டிவிட்டு, மூத்தோர் போட்டிக்கு மூத்தோரையே அழைப்பதுதான் வழக்கம். ராஜகோபால் அவ்வாறு செய்யவில்லை. அடுத்த ஆண்டுச் சுசுகி கிண்ணப் போட்டிக்கான பெயர்ப் பட்டியலில் பெயர்பெற்ற மூத்தவர்களுக்குப் பதிலாக அவ்விளைஞர்களையே நிரப்பினார். கோல் காவலர் கைருல் பாமிக்கு வயது 21. தற்காப்பில் பாட்லி ஷாஸ் 19, முஸ்லிம் அகமட் 21. சபிக் ரஹிம் 23. நம் பிள்ளை எஸ். குணாளன் 24. முன்னணியில் நின்ற சபீ சாலிதான் ‘பெரியவர்’, அவருக்கு 26.

2010 டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் முதல் ஆட்டம். இந்தோனேசியாவுக்கு எதிராக முதல் கோலை அடித்தது மலேசியாதான். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 1-5.

இந்த இடத்தில் நிறுத்திச் சிந்திக்க வேண்டுகிறேன். ஐந்து கோல் விழுந்துவிட்டது. இளைஞர்களை நம்பி மோசம் போனோம், அனுபவம் இல்லாதவர்களை அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல இதைவிட வாய்ப்பான ஆட்டம் கிடைக்காது. போட்டி நடுவே புதியவர்களை வரவழைக்க விதி இடந்தராது என்பது உண்மைதான். ஆனாலும் பயிற்றுநர் நினைத்தால் இளையவர்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவர்களை வைத்துக் கோல் விழாமல் ஒப்பேற்றி வீடு திரும்பலாம். அது நடக்கவில்லை. அவ்வாட்டத்துக்குப் பிறகு கோல் காவல் கைருல் பாமியின் கைக்கு வந்தது; அதாவது மாற்றம் நிகழ்ந்த இடத்திலும் வந்தவர் 21 வயது இளைஞரே. டிசம்பர் 4இல் தாய்லாந்துடன் 0-0. டிசம்பர் 7இல் லாவோசை 5-1 என வென்றார்கள். அரையிறுதியில் வியட்நாமை 2-0 என வென்று, ஹனோயில் 0-0 எனத் தாக்குப்பிடித்தார்கள்.

டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் இறுதியாட்டத்தின் முதற்பாதி. எதிரில் அதே இந்தோனேசியா. இரண்டாம் பாதி நேரத்தில் பன்னிரண்டு நிமிட இடைவெளிக்குள் சபீ, அஷாரி, மீண்டும் சபீ என மூன்று கோல்கள். (இரசிகர் கூட்டத்திலிருந்து லேசர் ஒளியை எதிரணியினர் கண்களில் பாய்ச்சியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றுபோனதை நான் மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லும்போதெல்லாம் அது வெட்கக்கேடான செயல் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.) டிசம்பர் 29இல் ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதிலும் மொத்தத்தில் 4-2. அங்கே தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குக் கிடைத்த பினால்டியைக் கைருல் பாமி தடுத்தார். மலேசியா முதன்முறையாகத் தென்கிழக்காசிய வெற்றியாளர் ஆயிற்று. டிசம்பர் 31 நாடு முழுவதும் பொது விடுமுறை.

ஐந்து கோல் விழுந்த நாளுக்கும் கிண்ணம் கிடைத்த நாளுக்கும் இடையே உள்ள காலம் நான்கு வாரம். பெயர்ப் பட்டியல் ஒன்றே.

இதனைக் கேட்டு, ‘டீச்சர், அது அதிர்ஷ்டம்’ என்று சொன்ன நண்பர்கள் உண்டு. அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். ஆயினும் இதையொத்த நிகழ்ச்சி ஜெர்மனியிலும் நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஜெர்மனி தன் பிரிவில் கடைசி இடத்தில் வந்து வெளியேறியது. அதன் பின் அந்நாட்டு உயர்நிலைக் குழுக்கள் ஒவ்வொன்றும் இளையோர் பயிற்சிக் கழகம் நடத்தியாக வேண்டும் என்று விதித்தார்கள். 2009இல் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியக் கிண்ணத்தை ஜெர்மனி வென்றது. அக்குழுவிலிருந்த நோயர், ஹும்மல்ஸ், போவாட்டெங், ஹோவெடஸ், கெதிரா, ஓசில் ஆகிய அறுவரும் 2014இல் உலகக் கிண்ணம் வென்ற குழுவில் இருந்தார்கள். தோல்விக்கும் கிண்ணத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். நாம் ஓராண்டு காத்திருக்கவே சலித்துக்கொள்கிறோம்.

மலேசியாவில் அதன் பின் நடந்தது மகிழ்ச்சிக்குரியதாக இல்லை. 2011இல் ஓங் கிம் சுவீயின் கீழ் சீ விளையாட்டில் இரண்டாவது தங்கம் கிடைத்தது, மெய்தான். அதே ஆண்டு உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் வெளியேறினோம். 2012இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் லீக்கிற்குத் திரும்பினார்கள். 2013க்குப் பிறகு ராஜகோபால் அப்பொறுப்பில் இல்லை. 2015இன் இறுதியில் ஹரிமாவ் மூடாவும் கலைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் தேசியக் குழு தோற்ற கணக்கு 0-10. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு நேரடிக் காரணம் என்று நான் வாதிடப் போவதில்லை. விதைப்பதை நிறுத்திய பிறகு அறுவடையை எதிர்பார்க்க முடியாது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை; செம்பனைக் கன்று நட்டால் முதற்குலை வெட்டவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும்.

முதல் வழி, அதாவது உடனே வெல்லக்கூடியவர்களைக் கொண்டுவரும் வழி, எங்கே போய் முடியும் என்பதை 2025 காட்டியது. ஜூன் 10இல் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என வென்றபோது நாடே துள்ளிக் குதித்தது. நானும் மகிழ்ந்தேன். செப்டம்பரில் ஃபிஃபாவின் ஒழுங்குக் குழு தன் முடிவை அறிவித்தது. மலேசிய வம்சாவளியினர் எனச் சேர்க்கப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலியானவை என்பதற்காக ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு மாதத் தடையும், மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. நவம்பரில் சங்கத்தின் மேல்முறையீட்டையும் ஃபிஃபா தள்ளுபடி செய்தது. வழக்கு விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. இங்கே எனக்கு வருத்தம் தருவது அபராதம் அன்று. அந்த ஏழு இடங்களுக்காகத் தம் பதினைந்து வயதிலிருந்து காத்திருந்த உள்நாட்டுப் பையன்கள் எத்தனை பேர் என்பதுதான். வெளிநாட்டில் பிறந்த மலேசிய வம்சாவளியினர் முறையாக வந்தால் வரவேற்க வேண்டியவர்களே. ஆனால் கதவு அவ்வழியாக மட்டுமே திறக்குமானால் திடலில் வியர்வை சிந்தும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லி ஊக்கமளிப்பது?

இனி நம் பள்ளித் திடலுக்குத் திரும்புவோம்.

நூற்றைம்பது மாணவர்களுக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அறுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களுள் பாதிப்பேர் பெண்பிள்ளைகள். (பெண்பிள்ளைகளின் காற்பந்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) எஞ்சிய முப்பது பையன்களுள் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் பதினைந்து பேர். அப்பதினைந்து பேரில் ஒருவனுக்கு மூச்சிரைப்பு, ஒருவனுக்குப் பந்தைக் கண்டாலே அச்சம், இன்னொருவனின் பெற்றோருக்குச் சம்மதமில்லை. தேர்வுக்குழுவே தேவைப்படாத அளவுக்குப் பெயர்ப் பட்டியல் தானாகவே எழுதப்பட்டுவிடும். ஆயிரம் மாணவர்கள் உள்ள பட்டணத்துப் பள்ளியோடு இக்குழு மோதினால் ஐந்து கோல் விழத்தான் செய்யும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

உண்மையில் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பெரிய பள்ளியில் நான்காம் ஆண்டுப் பையன் குழுவை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எங்கள் பள்ளியில் அவன் பத்து வயதிலேயே திடலில் நிற்கிறான். இரண்டு பருவங்கள் ஆடிய பின் ஆறாம் ஆண்டுக்கு வருகிறான். எதிரணியில் இருப்பவனோ பெரும்பாலும் முதல் முறை ஆடுகிறவன். இந்நன்மை கைகூட வேண்டுமானால் நிபந்தனை ஒன்று உண்டு: இடையில் ஓராண்டுகூடக் குழு அனுப்பாமல் இருக்கக் கூடாது. ‘சென்ற ஆண்டு தோற்றோம், இவ்வாண்டு வேண்டாம்’ என்று நிறுத்தினால் அச்சங்கிலி அறுந்து, அடுத்த ஆண்டும் புதியவர்களோடு தொடங்கி மறுபடியும் தோற்போம். அதன் பின், பார்த்தீர்களா, நம் பிள்ளைகளுக்குக் காற்பந்து வராது என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுவோம்.

இரண்டாம் அறிவுரை, ஆள் வளர்ந்தவர்களை மட்டும் எடுப்பது. இதைப் பற்றி ஆசிரியர்கள் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகளை நாம் ஒரே வகுப்பில் அமர்த்துகிறோம். விளையாட்டிலும் அவர்களுக்கு ஒரே வயதுப் பிரிவுதான். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வேறுபாடு என்பது சிறியதன்று. உயரத்திலும் எலும்பிலும் ஓட்டத்திலும் அது தெரியும். ஜனவரியில் பிறந்தவனைத் ‘திறமைசாலி’ என்றும் டிசம்பரில் பிறந்தவனைச் ‘சோப்ளாங்கி’ என்றும் நாம் பெயரிட்டு விடுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்குக் கூடுதல் பயிற்சியும் கூடுதல் ஆட்டமும் கிடைக்கின்றன. ஆகவே அவன் மெய்யாகவே திறமைசாலியாகி விடுகிறான். கனடா நாட்டு உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980களில் அந்நாட்டுப் பனிக்கட்டி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து இப்போக்கை எடுத்துக்காட்டினார். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இருந்தார்கள். பின்னர்ப் பல நாடுகளின் காற்பந்திலும் இதே போக்கைக் கண்டார்கள்.

மேலே நான் பாராட்டிய 2010 குழுவையே பாருங்கள். சபீ சாலி, கைருல் பாமி, பாட்லி ஷாஸ் மூவருமே ஜனவரியில் பிறந்தவர்கள். மூன்று பெயரை வைத்து எதனையும் மெய்ப்பிக்க முடியாது. ஆயினும் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அதே வேளையில் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று இன்றளவும் பேசப்படும் மொக்தார் டஹாரி நவம்பரில் பிறந்தவர். பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள தேசியக் காற்பந்துப் பயிற்சிக் கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அக்கழகம் இடைநிலைப்பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்றுவிக்கிறது. அங்கே செல்வதற்கான வயது, நம் கையை விட்டு அவன் முதலாம் படிவத்துக்குப் போகும் வயது. அதற்கு முன்பே ‘உனக்கு உடம்பு போதாது’ என்று நாம் சொல்லிவிட்டால் அவன் அத்தேர்வுக்கே போகப் போவதில்லை.

ஆகவே, பட்டியல் எழுதும் ஆசிரியர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். பெயருக்கு எதிரே பிறந்த மாதத்தையும் எழுதி வைக்கிறேன். செப்டம்பருக்குப் பின் பிறந்தவன் ஓட்டத்தில் பின்தங்கினால் அதனைக் குறையாகக் கொள்ளாமல், பந்தை நிறுத்துகிறானா, தலையை உயர்த்திப் பார்த்து உதைக்கிறானா என்பதைப் பார்க்கிறேன். நான்காம் ஆண்டு மாணவர் இருவராவது பட்டியலில் இருப்பார்கள். சட்டைக்கு எண் கொடுத்து ஓரத்தில் உட்காரவைப்பதற்காக அன்று, ஒவ்வோர் ஆட்டத்திலும் இறங்கி ஆடுவதற்காக. கோல் விழுந்தாலும் இறங்குவார்கள். இதற்காக என்மேல் சினம் கொண்ட ஆறாம் ஆண்டுப் பெற்றோர் உண்டு. அவர்கள் மகனுக்குப் பத்து நிமிடம் குறைந்துவிட்டது என்பது அவர்கள் முறையீடு. அது நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். அவனுக்கு அதுதான் கடைசி ஆண்டு. எனினும் ஈராண்டுக்கு முன் வேறொருவனின் பத்து நிமிடத்தில்தான் அவனும் ஆடக் கற்றான்.

இளையோரை நம்புவது என்றால் மூத்தோரைத் தள்ளிவிடுவது என்று பொருளல்ல. 2010இலும் முக்கியமான கோல்களை அடித்தவர் 26 வயதுச் சபீயே. அவரைப் போன்ற ஒருவர் முன்னே நின்றதால்தான் பின்னே 19 வயதுப் பையன் பதற்றமின்றி நிற்க முடிந்தது. ஆறாம் ஆண்டு மாணவனை அணித்தலைவனாக்கி, ‘அந்தச் சின்னவனுக்கு அருகில் நீ நில்’ என்று சொல்லிப் பாருங்கள். அவன் நடத்தையே மாறிவிடுவதைக் காண்பீர்கள். வகுப்பில் அடங்காதவன் என்று பெயரெடுத்த பிள்ளைகள்கூட இப்பொறுப்பில் தலைநிமிர்ந்து நின்றதைக் கண்டிருக்கிறேன்.

பெற்றோரிடம் கூறுவதற்கும் சில உண்டு. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டு என்றால் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒன்றே பேச்சு. ஜனவரி பிறந்ததும் பையன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு டியூசனுக்குப் போய்விடுவான். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, டியூசன் போகவில்லை. மாலை நான்கு மணிப் பயிற்சிக்கு வரச் சொன்னால், ‘இன்று கணிதம், நாளை ஆங்கிலம்’ என்கிறார்கள். நான் படிப்புக்கு எதிரானவள் அல்லள். படிப்பே என் தொழில். ஆனால் ஒரு வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதைத் திடலுக்குத் தந்ததனால் கணிதத்தில் வீழ்ந்த பிள்ளையை இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு விளையாட்டிலாவது ஈடுபட வேண்டும் என்று 2011 முதல் அமைச்சே கொள்கை வகுத்திருக்கிறது. தாளில் மட்டும் அக்கொள்கையை நிறைவேற்றி என்ன பயன்?

இன்னொன்று. ஆட்டம் முடிந்து தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் பேருந்தருகே நின்று, ‘எத்தனை கோல்?’ என்று முதலில் கேட்காதீர்கள். எத்தனை கோல் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். எந்த இடத்தில் ஆடினாய், பந்து எத்தனை முறை உன்னிடம் வந்தது என்று கேளுங்கள். அப்பாக்களில் சிலர் திடல் ஓரத்தில் நின்று மற்றவர் பிள்ளையின் பெயரைச் சொல்லி, ‘அவனை வெளியே எடுங்கள்’ என்று கூவுவதையும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆர்வத்தில் செய்கிறார்கள் என்பது தெரியும். அந்தப் பிள்ளையின் தாய் நான்கடி தள்ளி நிற்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இவ்வாண்டு எங்கள் குழுவுக்குத் தேவையானவை அதிகமில்லை. சட்டைகள் இருக்கின்றன. காலணி இல்லாத மூன்று பேருக்குக் காலணி வேண்டும். முன்னாள் மாணவர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேருந்துக் கட்டணம் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அக்கணக்கைத் தலைமையாசிரியர் முன்வைப்பார். சென்ற ஆண்டு ஆடியவர்களுள் ஆறாம் ஆண்டு முடித்துச் சென்றவர்களைத் தவிர்த்து எஞ்சியவர்கள் எல்லாரும் மறுபடியும் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களோடு நான்காம் ஆண்டிலிருந்து இருவர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவன் மார்ச் மாதத்தவன், மற்றொருவன் டிசம்பர் 28. பயிற்சி செவ்வாயும் வியாழனும் மாலை நான்கு மணிக்கு. மழை பெய்தால் மண்டபத்தில்.